பிக்கப் வண்டிக்கு இழுவைக் கொக்கி பொருத்தும்போது பாடியைக் காக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் பூவெடுக்கும் பருவம் வந்தால், மருந்தடிக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சிறு டிரெய்லரில் வைத்துப் பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வசதி பெரிதும் உதவும். அதற்கு வண்டியின் பின்புறம் இழுவைக் கொக்கி வேண்டும். அந்தக் கொக்கியைப் பொருத்தும் ஒரு நாள் வேலையில், சரக்கு ஏற்றும் பாடிக்கு நேரும் சேதம் பல ஆண்டுகள் தக்காளிக் கூடை ஏற்றி இறக்கியதால் வரும் சேதத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்பதை என் வண்டியிலேயே கண்டேன். வெல்டிங் பட்டறை ஒன்றில் கொக்கிக்குத் துளையிட்டபோது டிரில் பிட் வண்டியின் அடிச்சட்டமான சேஸைத் தாண்டி மேலே ஏறிப் பாடியின் தரைத்தகட்டில் இரண்டு ஓட்டைகளைப் போட்டுவிட்டது. அவற்றை யாரும் கவனிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தபோது ஓட்டைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் துரு பரவியிருந்தது.

கொக்கியின் பாரம் முழுவதையும் சேஸ்தான் தாங்க வேண்டும். பாடி என்பது சேஸின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகட்டுக் கூடு. வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது சேஸ் சற்றே முறுக்கிக்கொள்ளும், பாடி அதன் போக்கில் தனியாக அசையும். தரைத்தகட்டின் வழியே போல்ட்டைச் செலுத்திக் கொக்கியை இறுக்கினால் இந்த இரண்டு அசைவுகளும் ஒன்றோடொன்று மோதும். துளையின் விளிம்பில் தகடு கிழியத் தொடங்கும். அப்படிப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் பட்டறையில் வேலையை ஒப்படைக்க வேண்டாம். கொக்கியின் எந்தப் பகுதியும் பாடியின் அடிப்பகுதியைத் தொடாமல், ஒரு விரல் நுழையும் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் முரண்படும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. எனவே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெற்ற பிறகு துளையிடுங்கள். வண்டியின் கையேட்டில் இழுவைத் திறன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அப்போதே படித்துவிடுங்கள்.

அடுத்து, துளையிடும் இடத்தைக் குறிப்பதற்கு முன்பாகவே பின்கதவை முழுவதும் கீழே இறக்கிப் பாருங்கள். நம் ஊர்ப் பிக்கப்புகள் பலவற்றில் பின்கதவு படுக்கைவாட்டில் நிற்காமல் செங்குத்தாகத் தொங்கும்படி இறங்குகிறது. கொக்கியில் டிரெய்லர் மாட்டும் உருண்டை அந்தக் கதவு தொங்கும் இடத்துக்கு நேராக வந்தால், ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அது இரும்பில் மோதி நெளியும். உருண்டை அமைந்த நீட்டுக்கட்டையை, அதைப் பூட்டும் ஊசியை உருவிக் கழற்றி வைக்கக்கூடிய வகைக் கொக்கியை நான் பரிந்துரைப்பது முக்கியமாக இந்தக் காரணத்துக்காகத்தான். கழற்ற முடியாத வகைதான் கிடைத்தது என்றால், கதவின் வெளிப்புறத்தில் உருண்டை படும் இடத்தில் கனமான ரப்பர்த் துண்டு ஒன்றைப் பொருத்துங்கள்.

முந்தின நாள் பாடியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளிலிருந்து சிந்திய தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும்; பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்தும். அழுகிய தக்காளியின் சாறும் புளிப்புத்தன்மை கொண்டது. இவை தேங்கிய இடத்தின் மேல் அப்படியே பிரைமர் அடித்தால் அது சில மாதங்களில் உரிந்துவிடும். கழுவும்போது தரையில் உள்ள வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் வைக்கோலையும் மண்ணையும் கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள். வைக்கோல், கோணி, மரத்தூள் ஆகியவற்றில் சிறிதும் மிஞ்சக் கூடாது, ஏனெனில் மறுநாள் அங்கே இரும்பை அறுத்துத் தேய்க்கும் கிரைண்டர் ஓடப்போகிறது.

கிரைண்டரின் தீப்பொறி அணைந்துபோகும் வெறும் ஒளியன்று. அது செந்நிறமாகக் காய்ந்த இரும்புத்துகள். பெயிண்டில் விழுந்ததும் அதை உருக்கி உள்ளே பதிந்துவிடும். அன்று கண்ணுக்குத் தெரியாது. பனி பெய்யும் சில இரவுகள் கழிந்ததும் பாடியெங்கும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் தோன்றும். இதைத் தடுக்க, பாடியின் பின்பகுதியையும் கதவையும் விளக்குக் கண்ணாடிகளையும் நன்றாக நனைத்துப் பிழிந்த கோணிப்பைகளால் மூடி, வேலை முடியும்வரை அவை உலராமல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். தார்ப்பாய் போதும் என்று சிலர் சொல்வார்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் உருகிப் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும், தீயும் பிடிக்கும். வண்டிக்கு அருகில் ஒரு வாளி மணலும் தண்ணீரும் இருக்கட்டும்.

வண்டியின் மேல் வெல்டிங் செய்யாமல் போல்ட்டால் மட்டுமே பொருத்துவது நல்லது. கொக்கியின் தகடுகளைத் தனியே வெல்டிங் செய்து குளிரவைத்த பிறகு வண்டிக்குக் கொண்டுவரலாம். தவிர்க்க முடியாமல் வண்டியில் வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெல்டிங் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மிக அருகில் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் மாட்ட வேண்டும். எர்த்தைப் பாடியில் மாட்டினால் மின்னோட்டம் பாடியைச் சேஸோடு இணைக்கும் மவுண்டுகள் வழியே போக நேரும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் பல சென்சார்களும் இருப்பதால் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியமானது.

துளையிடுவதில்தான் என் வண்டி கெட்டது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சேஸ் சேனலின் மேல், கீழ் விளிம்புகள்தான் வளைக்கும் விசையை அதிகமாகத் தாங்குகின்றன. அவற்றில் துளையிடுவது சேஸையே பலவீனப்படுத்தும். முடிந்தவரை தயாரிப்பாளர் ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்துங்கள். புதிதாக இடத்தான் வேண்டும் என்றால் பக்கச் சுவரின் நடுப்பகுதியில் இடுங்கள். அந்தச் சுவரின் மறுபுறத்தில் பிரேக் குழாயோ ஒயரோ ஓடுகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கீழிருந்து மேல்நோக்கித் துளையிட நேர்ந்தால், சேஸுக்கும் பாடிக்கும் இடையே உள்ள சந்தில் ஒரு தடித்த இரும்புப் பட்டையைச் செருகிவிட்டு, பிட்டின் மேல் தேவையான ஆழத்தில் ஒரு குழாய்த்துண்டை மாட்டினால் அது அதற்கு மேல் ஏறாது. முதலில் சிறு பிட்டால் வழி செய்து, பிறகு 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 13 மில்லிமீட்டர் பிட்டால் அகலப்படுத்துவது போதுமானது. மூடிய பெட்டி வடிவச் சேஸில் கை நுழையாத இடமானால், பாடியைத் தூக்காமலேயே ஒரு கம்பியின் முனையில் போல்ட்டைக் கட்டிப் பக்கத்துத் துளை வழியே இழுத்து இடத்துக்குக் கொண்டுவர முடியும்.

அப்படியும் முடியாமல் பாடியைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு பக்கத்துப் பாடி போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தவற்றைத் தளர்த்தி, ஜாக்கியின் தலைக்கும் பாடிக்கும் இடையே நீண்ட மரப்பலகை வைத்து மெல்லத் தூக்குங்கள். ஜாக்கி நேராகத் தகட்டில் பட்டால் தகடு குழிந்துவிடும். டீசல் ஊற்றும் குழாயும் பின்விளக்கு ஒயரும் இழுபடுகின்றனவா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

துளையிட்டு முடிந்ததும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்து, இரும்புச் சுருள்களைத் துடைப்பத்தாலும் காந்தத்தாலும் பொறுக்கிவிடுங்கள். சேஸின் மேல்பக்கத்திலும் பாடியின் மூலைகளிலும் தங்கிய சுருள் ஒரே மழையில் துருப்பிடிக்கும். துளையின் உள்விளிம்பு உட்பட வெறும் இரும்பு தெரியும் இடங்களில் எல்லாம் ஜிங்க் பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, அது காய்ந்த பிறகே போல்ட்டைப் போட வேண்டும். தலையில் வலிமைத் தரமான 8.8 என்று பொறித்த போல்ட்டுகளை வாங்குங்கள். விலை குறைவு என்று சாதாரண போல்ட்டை வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். கொக்கியோடு வரும் தாளில் குறித்துள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். டிரெய்லர் விளக்குக்கான ஒயருக்குப் பாடியில் புதுத் துளை தேவையில்லை. பின்விளக்கு ஒயர் வரும் வழியிலேயே கொண்டுசென்று, தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடலாம்.

பாரத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு: காலியாக 200 கிலோ உள்ள டிரெய்லரில் 500 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் மொத்தம் 700 கிலோ ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 70 கிலோ, கொக்கியின் மேல் அமர வேண்டும். அந்த 70 கிலோவைப் பிக்கப்பின் சரக்கு எடையில் சேர்த்துக் கணக்கிடாமல் பாடியை முழுதாக நிரப்பினால் பின்பக்கம் தாழ்ந்து, பள்ளத்தில் டிரெய்லரின் முன்சட்டம் கதவின் அடியில் இடிக்கும். பிரேக் இல்லாத டிரெய்லரோடு தொப்பூர் கணவாயில் இறங்குவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

பொருத்திய அன்றே காலி டிரெய்லரை மாட்டி, வெறும் களத்தில் இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பின்னால் எடுத்துப் பாருங்கள். டிரெய்லரின் முன்மூலை பாடியின் பின்மூலையை எந்தக் கோணத்தில் நெருங்குகிறது என்பதை வெளியே நிற்பவர் சொல்ல, அந்தக் கோணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்சட்டம் குட்டையாக இருந்தால் அதை நீட்டச் சொல்லுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி சோதித்து, முதல் மழைக்கு மறுநாள் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் தங்கியிருக்கிறதா, பிரைமர் அடித்த இடங்களில் செந்நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.