கேமிங் லேப்டாப் வாங்கப் போறீங்களா? முதல்ல வாட் எவ்வளவுன்னு கேளுங்க

அக்கா மகன் கடை வாசலில் நின்றுகொண்டு போன் போட்டான்.

"மாமா, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பக்கத்துக் கடையில இன்னொண்ணு, அதே 4060, அதே 16 ஜிபி ரேம், 8,000 ரூபா கம்மி. கம்மியானதையே எடுத்துரட்டுமா?"

"வாட் எவ்வளவுடா?"

"வாட்டா? நான் என்ன பல்பா வாங்குறேன்?"

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2021-ல் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஒல்லியாக, பார்க்க லட்சணமாக இருந்த லேப்டாப். உள்ளே ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, அதாவது கேமின் படத்தை வரையும் பகுதி. நண்பனிடம் இருந்ததும் 3060தான், ஆனால் செங்கல் கனம். ஒரே கேமை ஒரே செட்டிங்கில் ஓட்டினால் அவனுடையது வழுக்கிக்கொண்டு போகும், என்னுடையது திக்கும். ரொம்ப நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. என் கார்டுக்கு 80 வாட்தான் கொடுத்திருந்தார்கள், அவனுடையதுக்கு 130. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அந்த எண் எங்கேயும் இல்லை.

ஆகவே இந்தப் பதிவு முழுக்க வாட்டையும் அதனால் வரும் சூட்டையும் பற்றித்தான். கேமிங் லேப்டாப் வாங்குவது, செட் பண்ணுவது, பராமரிப்பது எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

படி 1: கார்டின் பெயரோடு நிற்காதீர்கள்

லேப்டாப் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதை, ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் கம்பெனியான என்விடியா ஒரே எண்ணாகச் சொல்வதில்லை. ஒரு வரம்பு கொடுத்துவிடுகிறது. 4060-க்கு அது 35 வாட் முதல் 115 வாட் வரை. ப்ராசஸர் பயன்படுத்தாத மின்சாரத்தைக் கார்டுக்குத் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் சேர்ந்தால் 140 வரை போகும். அதற்குள் எதை வைப்பது என்பது லேப்டாப் தயாரிப்பவர் இஷ்டம். உடம்பு ஒல்லியாக இருந்தால் சூட்டை வெளியே தள்ள இடம் இருக்காது, வாட்டைக் குறைத்துவிடுவார்கள். இந்த எண்ணுக்கு டிஜிபி என்று பெயர். 4060-ஐப் பொறுத்தவரை 100 வாட்டைத் தாண்டி வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. 140 இருந்தே ஆக வேண்டும் என்று அலைய வேண்டாம். 60, 70 என்று இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

டெஸ்க்டாப் கார்டின் பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். டெஸ்க்டாப் 4090-ல் 16,384 கோர் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன அலகுகள்), 24 ஜிபி மெமரி. லேப்டாப் 4090-ல் 9,728 கோர், 16 ஜிபி. சிப்பே வேறு, பெயர் மட்டும் ஒன்று. 5070-லும் இதே கதை: டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8. பல லேப்டாப்பில் ரேமை நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம், கார்டின் மெமரியை ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக வாங்குகிறவர் 6 ஜிபி கார்டுக்கு என் பேச்சைக் கேட்டுப் போக வேண்டாம். 8-ல் இருந்து தொடங்குங்கள்.

கடையில் டெமோ லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் வாட்டை நீங்களே பார்த்துவிடலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்பர்மேஷன் என்ற இடத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் மேக்சிமம் கிராபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும். விற்பவருக்கே தெரியாத எண் அங்கே நிற்கும்.

லேப்டாப்பைத் தொட விடாத கடையா? சார்ஜரையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் அடியில் அவுட்புட் என்று போட்டு வோல்ட், ஆம்பியர் இரண்டும் அச்சடித்திருக்கும். பெருக்குங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். 20 வோல்ட், 8.5 ஆம்பியர் என்றால் 170. கார்டுக்கு 115, ப்ராசஸருக்கு 45, மேலே திரை, ஃபேன், எஸ்எஸ்டி என்று கூட்டிக்கொண்டே போனால் 170 இழுபறிதான். சார்ஜர் பத்தாவிட்டால், பிளக்கில் சொருகியிருக்கும்போதே கேம் நடுவில் பேட்டரி இறங்கும்.

அக்கா மகன் போனில் வாசித்துச் சொன்னான்: ஒன்று 230, கம்மி விலைக்காரனுடையது 170. நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

படி 2: மற்றதை வேகமாகப் பார்த்துவிடலாம்

ரேம் 16 ஜிபி என்று எழுதியிருந்தால் அது ஒரே குச்சியா, இரண்டு எட்டா என்று கேளுங்கள். இரண்டாக இருந்தால்தான் டூயல் சேனல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியில் தரவு போவது, வேலை செய்யும். வீட்டில் பார்க்க டாஸ்க் மேனேஜர் போதும்: பெர்பார்மன்ஸ், மெமரி என்று போனால் ஸ்லாட் எத்தனை, அதில் நிரம்பியது எத்தனை என்று காட்டும். 2-ல் 1 என்று இருந்தால் இன்னொரு குச்சி வாங்கிப் போடுவதுதான் இருப்பதிலேயே மலிவான வேகம்.

ப்ராசஸரில் ஒரு பொடி எழுத்து விளையாட்டு உண்டு. ஏஎம்டி கம்பெனியின் 7000 வரிசை ப்ராசஸர் எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 4 என்றால் ஜென் 4 வடிவமைப்பு. 3 என்றால் பழைய ஜென் 3 குடும்பம், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. உதாரணத்துக்கு ரைசன் 7 7435எச்எஸ். விலைக்கு மோசமில்லை. ஆனால் அதில் உள்கிராபிக்ஸ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னக் கிராபிக்ஸ்) கிடையாது, சும்மா பிரவுசர் ஓட்டினாலும் பெரிய கார்டுதான் விழித்திருக்கும், பேட்டரி சீக்கிரம் காலியாகும். கல்லூரிக்குத் தூக்கிப் போகிறவர்கள் கவனிக்கவும்.

திரையில் எல்லோரும் 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்று. நிறத்தைக் கேட்பவர் குறைவு. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் சிவப்பு வெளிறி, செங்காவி மாதிரித் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதை எடுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி என்றால் இன்னொரு எஸ்எஸ்டி சொருக இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 100 ஜிபிக்கு மேல் கேட்கும் கேம்கள் இப்போது சாதாரணம்.

படி 3: முதல் நாள் மாலை செய்ய வேண்டியது

விண்டோஸ் அப்டேட், கார்டின் டிரைவர், பயாஸ் (லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட். இந்த வரிசையில் முடியுங்கள். பயாஸ் அப்டேட்டின்போது சார்ஜர் சொருகியே இருக்கட்டும், திரை கறுத்துவிட்டதே என்று பதறி பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

அடுத்தது, நிறையப் பேர் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவது: திரை 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மேலே ஏற்றுங்கள். 60-ல் ஒரு ஃபிரேம் (ஒரு படம்) 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கும், 144-ல் 6.9. மவுசை அசைத்த மறு நொடியே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாகப் பெரிய கார்டு வரைந்த படம் ப்ராசஸருக்குள் இருக்கும் சின்னக் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். பேட்டரிக்கு நல்லது, வேகத்துக்குக் கெடுதல். மக்ஸ் இருந்தால் நேர்வழி போட்டுவிடலாம். லேப்டாப்போடு வரும் மென்பொருளில் ஹைப்ரிட் மோடை அணைப்பது, அல்டிமேட் மோடு, டிஸ்க்ரீட் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். ஒருமுறை ரீஸ்டார்ட் கேட்கும். வேலொரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஃபிரேம் எண்ணிக்கை எகிறும் கேம்களில் பலன் அதிகம். ஊருக்குக் கிளம்பும்போது ஹைப்ரிடுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் திண்டிவனம் தாண்டுவதற்குள் சார்ஜ் போய்விடும்.

யூடியூபில் ஃபிரேம் கூட்டுகிறேன் என்று செக்யூர் பூட்டை (ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓட விடும் பாதுகாப்பு) அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. விண்டோஸ் 11-ல் வேலொரன்ட்டுக்கு செக்யூர் பூட்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கட்டாயம். அணைத்தால் கேமே திறக்காது.

கடைசியாக, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். ப்ராசஸர் சூடு, கார்டின் சூடு, கார்டு இழுக்கும் வாட் மூன்றையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, லேப்டாப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

படி 4: சூட்டை அடக்குவது

ப்ராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் எரிந்துபோகாது. ஆனால் கேம் திக்கித் திக்கி ஓடும். இதற்குக் காசு செலவில்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது ஃபிரேமுக்கு அணை போடுவது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று இருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 140 என்று வைத்துவிடுங்கள். சில கேம்களில் வெறும் மெனு திரையில் நிற்கும்போதே கார்டு நூற்றுக்கணக்கில் ஃபிரேம் வரைந்து தள்ளும். ஒன்றுமே ஆடாமல் ஃபேன் ஏன் மாவு மிஷின் மாதிரி இரைகிறது என்பதற்கு இதுதான் பதில்.

இரண்டாவது, பவர் ஆப்ஷனில் மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100-ல் இருந்து 99 ஆக்குவது. ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அதில் ப்ராசஸர் தற்காலிகமாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போ பூஸ்ட் நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். கார்டை நம்பி ஓடும் சைபர்பங்க் 2077 மாதிரிக் கேம்களில் இழப்பு குறைவு. ப்ராசஸரை நம்பி ஓடும் கேம்களில் ஃபிரேம் அடி வாங்கும், அங்கே வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் இந்த வரி தெரியாவிட்டால் விடுங்கள், பேலன்ஸ்டு மோடே போதும்.

அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது, பண்ணலாமா என்று கேட்பார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டுக்குச் செய்யலாம், நல்ல பலன் உண்டு. ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். லேப்டாப்போடு பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பின்பக்கத்தைத் தூக்கி வைப்பது. காற்றை உறிஞ்சும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன. தண்ணீர் பாட்டில் மூடி இரண்டைப் பின்காலடியில் வைத்தாலே போதும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஆடுவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் உட்கார்ந்து ஆடினால், ஆயிரம் ரூபாய் கூலிங் பேடும் சூடான காற்றைத்தான் ஊதும்.

படி 5: கரண்டும் பேட்டரியும்

லேப்டாப்பின் மேல் கையை வைத்தால் சுர்ரென்று ஒரு கூச்சம் தெரிகிறதா? லேப்டாப்பில் கோளாறு என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் எர்த்திங் சரியில்லாத சாக்கெட், அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றிச் சொருகியிருப்பார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சரி செய்யுங்கள். வீட்டு இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை (கரண்டைச் சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகக் கொடுப்பது) என்றால், கரண்ட் போன நேரத்தில் அதில் கேம் ஆடாதீர்கள்.

நாள் முழுக்கச் சொருகியே வைத்திருப்பவர்கள் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும், மற்றவற்றிலும் வேறு பெயரில் இருக்கும். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தாலோ, அடிமூடி உப்பினாலோ அது பேட்டரி வீக்கம். அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள்.

படி 6: வருடத்துக்கு ஒருமுறை திறப்பது

மூடியைத் திறந்தால் வாரண்டி என்னாகும் என்று முதலில் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம், தப்பில்லை.

நீங்களே செய்வதென்றால், ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, துணி விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடியை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே தாளில் குத்தி வையுங்கள். பல லேப்டாப்பில் எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இருக்காது. குட்டை இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை முறுக்கினால் மேல் பக்கம் பிதுங்கிக்கொண்டு வரும். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்பினால் கிளிப்புகள் படபடவென்று விடும். அந்தச் சத்தத்துக்கு முதல் தடவை நெஞ்சு பக்கென்கும். உடையவில்லை, பயப்படாதீர்கள்.

மூடி வந்ததும் வேறு எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கி விடுங்கள். அப்புறம் ஃபேன். வெளியே இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அழுக்கு ஒளிந்திருப்பது ஃபேனுக்கும் செம்பு ஃபின்னுக்கும் நடுவில். சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை; சிமிட்டாவால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். இறகை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் தட்டி, பிறகு புளோயரால் ஊதுங்கள். ஃபேனை விசிறிவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் முனையில் ஸ்டேட்டிக் மின்சாரம் சேரும்.

சிப்பின் சூட்டைச் செம்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை முதல் வருடத்திலேயே மாற்ற அவசியமில்லை. தூசி எடுத்த பிறகும் சூடு இறங்காவிட்டால் யோசிக்கலாம். உள்ளே பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) இருக்கும் மாடல் என்றால் கை வைக்காதீர்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

பேட்டரியை மாட்டி, மூடி, தாளில் ஸ்க்ரூ எதுவும் மிஞ்சவில்லை என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். அதே கேம், அதே அரை மணி நேரம். பெட்டிக்குள் வைத்த பழைய தாளை எடுத்துப் பக்கத்திலேயே புது எண்களை எழுதுங்கள். முதல் நாள் சூட்டுக்கு மூன்று நான்கு டிகிரி பக்கத்தில் வந்துவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால், பேஸ்ட் மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வையுங்கள்.