ஜீப்பை 2 இஞ்ச் தூக்கிக் கட்டுவது: பூப்பாறை ஷெட்டிலிருந்து ஒரு செய்முறை

"அண்ணே, வண்டியை நல்லாத் தூக்கிக் கட்டணும்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கீழே எது தட்டுகிறது என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அதனால் சாக்கை விரித்துப் போட்டு நானே அடியில் படுத்துப் பார்ப்பேன். சேறும் துருவும் படிந்த அடிப்பாகத்தில் கல் உரசிய இடம் மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். அந்தத் தழும்பு எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் வேலையே.

ஆக்சிலின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியலில் தழும்பு இருந்தால் லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் சாமான் தொகுப்பு, போட்டுப் பயனில்லை. கிட் தூக்குவது சேஸிஸையும் பாடியையும்தான். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர்தான் பெரிதாக வேண்டும். அதிலும் டயரின் மொத்த உயரம் 1 இஞ்ச் கூடினால் ஆக்சில் அரை இஞ்ச்தான் ஏறும். தழும்பு சைலன்சரிலோ, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்திலோ, கால்வைக்கும் படியிலோ இருந்தால் கிட் உதவும்.

நான் போடிக்காரன். இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில் ஷெட் போட்டு 19 வருடம் ஆகிறது. விடியுமுன் போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன். சாப்பாட்டுத் தூக்கோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தபின் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். ஆள் ஏற்றும் வண்டியை நான் தூக்கிக் கட்டுவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும். வண்டி உயர உயர அதன் பாரமும் மேலே போகிறது, வளைவில் சாய்வு கூடுகிறது. அந்தச் சாய்வுக்கு விலை கொடுப்பது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியின் பதிவு விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி எதையும் மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ பிரிவு வந்தது. அதன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். ஆகவே நான் கை வைப்பது எஸ்டேட் எல்லைக்குள் ஓடும் வண்டிகளில் மட்டும். தார் ரோட்டில் ஓட்ட வேண்டும் என்கிறவரிடம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

சரி, வேலைக்கு வருவோம். சென்ற வைகாசியில் ஒரு ஏலத்தோட்டத்து மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்புக்குச் செய்ததை வைத்தே சொல்கிறேன். பியூஜோ டீசல் இன்ஜின், நான்கு பக்கமும் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். சைலன்சரும் கிராஸ் மெம்பரும் அடிவாங்கியிருந்தன. 2 இஞ்ச் போதும் என்று முடிவு செய்தோம்.

பட்டை வண்டியை உயர்த்தப் பல வழி உண்டு. பட்டையின் ஒரு நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்குவது மலிவு. ஆனால் ஷேக்கிள் 2 இஞ்ச் நீண்டால் வண்டி 1 இஞ்ச்தான் ஏறும், முன் ஆக்சிலின் சாய்வும் கெடும். பழைய பட்டையைப் பட்டறையில் சூடு காட்டி வளைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சூடு பட்ட எஃகுக்கு மறுபடி சரியான பதம் வைக்காவிட்டால் அது படுத்துவிடும், இல்லை ஒடிந்துவிடும். இந்த ஜீப்பில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. அதை மேலே மாற்றிக் கட்டினால் ஆக்சில் குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்து ஒரேயடியாக ஏறிவிடும். ஸ்டியரிங், ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டிய வேலை அது. நம் தேவைக்கு வளைவு கூடிய புதுப் பட்டை செட்தான் சரி. கிட்டில் நான்கு பட்டைக் கட்டு, பட்டை நுனியின் துளையில் செருகும் புஷ், பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் புது யு போல்ட், நீளமான ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், எஃகு ஆப்பு இவ்வளவும் இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்ததும் எண்ணிப் பாருங்கள். பழைய யு போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டு இறுகிய மரை அது, இரண்டாம் முறை அதே பிடிப்பைத் தராது.

முந்தின நாள் சாயந்திரமே அடிப்பாகத்தைக் கழுவி, எல்லா போல்ட்டுக்கும் துரு எண்ணெய் விட்டுவிடுங்கள். இடுக்கி மழையில் ஓடிய வண்டியில் ஷேக்கிள் போல்ட் காலையில் சும்மா கழன்று வராது. மறுநாள் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையும் டேப் பிடித்து அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்காது. அன்று டிரைவர் பக்கம் முக்கால் இஞ்ச் தாழ்ந்திருந்தது. அதை முன்பே எழுதாமல் விட்டிருந்தால், முடிந்தபின் கிட் மேல் குறை சொல்லியிருப்போம்.

பின்பக்கம் முதலில். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, பட்டை மாட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. இன்னொரு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொடுத்து அதன் பாரத்தைத் தாங்குங்கள். ஷாக்கைக் கழற்றி, யு போல்ட்டுகளை அவிழ்த்தால் பட்டை கீழே இறங்கும். கனமான சாமான், கால்மேல் விழாமல் இரண்டு பேராகப் பிடியுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் ஆக்சில் உருண்டு, நிமிர்த்துவதற்குள் பொழுது போய்விடும்.

புதுப் பட்டையை ஏற்றும்போது பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அரைகுறையாக உட்கார்ந்ததை இறுக்கினால் ஆக்சில் ஒரு பக்கம் பின்தள்ளி நிற்கும், வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். ரப்பர் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். யு போல்ட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, கிட்டோடு வந்த தாளில் எழுதிய அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். புஷ் போல்ட்டுகளை மட்டும் இப்போது முழுதாக இறுக்க வேண்டாம். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழியும். கீழே இறக்கி, பம்பரில் ஏறி நாலு தரம் குதித்து, பட்டை தன் இடத்தில் அமர்ந்தபின் இறுக்க வேண்டும்.

முன்பக்கமும் இதே மாதிரிதான், ஸ்டியரிங் ஒன்று கூடுதல். பட்டை மாற்றுவது கால்வாசி வேலை. வண்டி உயர்ந்ததால் எட்டாமல் போனவற்றை எட்ட வைப்பதுதான் மீதி முக்கால்.

முதலில் பிரேக் ஹோஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், நான் செய்த இரண்டாவது வண்டி. சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் ஹோஸ் தரையில் நின்ற நிலையில் தொய்வாகத்தான் இருந்தது, அதனால் பழையதையே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் சூரியநெல்லிக்கு மேலே, கொழுக்குமலைப் பக்கம் ஏறும் கல் பாதையில் வண்டி நின்றுவிட்டது என்று ஆள் வந்தார். போய்ப் பார்த்தேன். ஒரு சக்கரம் ஓடைப்பள்ளத்தில் தொங்க, ஹோஸ் விறைத்து நின்றது. முனையில் கறுப்பு ரப்பர் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளை நூல் தெரிந்தது, நூலின் நுனியில் பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கோத்து விழுந்தது. டிரைவர் மிதியைக் காட்டினார், தரை வரை போனது. ஏற்றத்தில் நின்றதால் முதல் கியரில் போட்டு, கல் அண்டை கொடுத்து நிறுத்தியிருந்தார். அதே வண்டி அன்று இறக்கத்தில் போயிருக்கலாம். அந்த வெள்ளை நூல் இன்றும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே, சேஸிஸைத் தூக்கி நான்கு சக்கரமும் முழுதாகத் தொங்கும்படி விட்டு, ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள். அந்த நிலையிலும் ஹோஸ் தொய்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான ஹோஸ் போட்டு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கிக் காற்றை எடுங்கள். வெட்டி ஒட்டுப் போடுவது வேண்டவே வேண்டாம்.

சக்கரம் தொங்கும்போதே ஷாக்கையும் பாருங்கள். மேல் மாட்டிக்கும் கீழ் மாட்டிக்கும் இடையே உள்ள நீளத்தைவிட ஷாக் விரிந்த நீளம் அரை இஞ்சாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் ஷாக்கே ஆக்சிலைப் பிடித்து இழுத்து, மாட்டியைப் பிய்த்துவிடும். அப்புறம் ஒரு பக்க ஆக்சிலை ஜாக்கியால், அது சேஸிஸில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை ஏற்றிப் பாருங்கள். ரப்பர் படுமுன் ஷாக் முழுதாகச் சுருங்கிவிட்டால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் கட்டை வைத்து இறக்க வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு என்னிடம் இருக்கும் கருவி, கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலும் பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானியும். பாகைமானியின் நேர்விளிம்பை ஆக்சில் பக்கத்து பிளான்ஞ்சில் வைத்து, மையத்தில் நூலைத் தொங்கவிட்டால் சாய்வு தெரியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளான்ஞ்சிலும் அதையே செய்யுங்கள். இரண்டும் 1 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஷாஃப்ட் முனையில் மூட்டாக இருக்கும் கிராஸ் சாய்ந்து சுழன்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதே அளவு சாய்ந்திருந்தால்தான் ஒன்றை ஒன்று சமன் செய்யும். ஒத்து வரவில்லையென்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் எஃகு ஆப்பு வைத்துச் சரி செய்யுங்கள். அலுமினிய ஆப்பு நசுங்கும், வெடிக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் ஸ்லிப் ஜாயின்ட் எவ்வளவு உள்ளே மிச்சம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். நுனியில் தொத்திக்கொண்டிருந்தால் ஷாஃப்டை நீட்டித்தான் ஆக வேண்டும்.

ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் கம்பி முன்னைவிடச் செங்குத்தாகியிருக்கும், வீல் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். 2 இஞ்சுக்கு டிராக் லிங்கின் நீளத்தைத் திருகிச் சரி செய்துவிடலாம். காட்டர் பின்களைப் புதிதாகப் போடுங்கள். முன் ஆக்சிலின் பின்சாய்வு குறைந்திருந்தால் வண்டி நேர்ரோட்டில் அலையும், வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. சைக்கிள் கை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க்கின் சாய்வும் ஒரு காரணம், அதே சங்கதி. அதற்கும் ஆப்புதான். ஆனால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் அதோடு மாறும் என்பதால் அளவை மீற வேண்டாம். பிறகு வீல் அலைன்மென்ட். ஹெட்லைட் உயர்ந்துவிட்டதால் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், அதையும் தாழ்த்திவிடுங்கள்.

எங்களுக்கு இரண்டு பேராக ஒன்றரை நாள் பிடித்தது. முடிந்தபின் சுவரில் பழைய அளவுக்குப் பக்கத்திலேயே புது அளவை எழுதினேன். இரண்டரை இஞ்ச் ஏறியிருந்தது. புதுப் பட்டை கொஞ்சம் அமரும், பயப்பட வேண்டாம். முதலில் காலி வண்டியாகத் தோட்டத்துப் பாதையில் மெதுவாகப் போய் வந்தோம். திரும்பியதும் யு போல்ட்டை இறுக்கிப் பார்த்தால் மூன்று நட்டு கால் சுற்று எடுத்தது. 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கடைசி இறுக்கலுக்குப் பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் போல்ட் மரை வழியாகத் தட்டு வரை மஞ்சள் பெயின்டில் ஒரே கோடு இழுத்துவிடுவேன். தோட்டத்து டிரைவர் தம்பி காலையில் மூட்டை ஏற்றுமுன் டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்க்கிறார். கோடு எங்காவது விலகியிருந்தால் வண்டி அன்று ஷெட்டுக்கு வரும்.