டூடூயிஸ்ட்ங்கிற, செய்ய வேண்டிய வேலைகளக் குறிச்சு வைக்கிற ஆப்ல திரும்பத் திரும்ப வர்ற வேலைய செட் பண்றது எப்படி

டாஸ்க் பேர டைப் பண்றப்பவே கூடவே எவ்ரி மண்டேன்னு இங்கிலீஷ்ல அடிச்சா போதும், ஆப் அதுவா புரிஞ்சுக்கிட்டு தேதி போட்டுரும், நீங்க டிக் அடிச்சதும் அடுத்த வாரத்துக்குப் போயிரும். இதுல நிறைய பேர் கவனிக்காதது அந்த ஆச்சரியக்குறி. எவ்ரி! 3 மன்த்ஸ்னு போட்டா நீங்க முடிச்ச நாள்லேர்ந்து மூணு மாசம் எண்ணும், குறி இல்லன்னா ஏற்கெனவே குறிச்ச தேதிலேர்ந்துதான் எண்ணும். வாட்டர் ஃபில்டர் மாத்துறதுக்கெல்லாம் குறி கண்டிப்பா வேணும், ஏன்னா இந்த தடவை லேட்டா மாத்துனா அடுத்ததும் தள்ளித்தான வரணும். வாடகை, இஎம்ஐ மாதிரி தேதி மாறாத விஷயத்துக்கு போடவே போடாதீங்க. இனிமே அந்த வேலையே வேணாம்னா கம்ப்யூட்டர்ல ஷிஃப்ட் அமுக்கிக்கிட்டே டிக் அடிங்க, திரும்ப வராது.