டேட்டா டிஸ்க்கை மாற்றினேன், விண்டோஸ் வரவில்லை

வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியில், படங்களும் மற்ற கோப்புகளும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி மாட்டி ஆன் செய்தால், பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரை. விண்டோஸ் இருந்த டிஸ்க்கைத் தொடவே இல்லை, பயாஸிலும் இரண்டு எஸ்எஸ்டியும் தெரிகின்றன, அப்புறம் ஏன்?

பழையதைத் திரும்ப மாட்டினேன், ஒழுங்காக வந்தது. சரி, அதில்தான் ஏதோ இருக்கிறது என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், அதாவது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகள் இருக்கும் சிறு பகுதி, அந்த ஹார்ட் டிஸ்க்கில். நிறுவும் நேரத்தில் இன்னொரு டிஸ்க்கில் ஏற்கெனவே அந்தப் பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் பூட் கோப்புகளை அங்கேயே போட்டுவிடுவது உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை, வீணாக எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள்.

முக்கியமானதை பேக்கப் எடுத்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி, இன்ஸ்டாலர் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதில் டிஸ்க்பார்ட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியைத் திறந்து லிஸ்ட் டிஸ்க் போட்டு, விண்டோஸ் டிஸ்க்குக்கு நேரே ஜிபிடி (டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் புதிய முறை) என்ற இடத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வழி ஜிபிடி டிஸ்க்குக்குத்தான். விண்டோஸ் பார்ட்டிஷனை 260 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, எஸ் என்று டிரைவ் எழுத்து கொடுத்தேன். பிறகு, பூட் கோப்புகளை எழுதித்தரும் பிசிடிபூட் கட்டளையில் விண்டோஸ் ஃபோல்டரையும் எஸ் டிரைவையும் கொடுத்தேன். இங்கே விண்டோஸ் டிரைவ் சி-யாக இல்லாமல் டி-யாகவும் வரலாம், டிர் போட்டு உறுதி செய்யுங்கள். பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தேன், புது எஸ்எஸ்டியோடு நேராக டெஸ்க்டாப் வந்துவிட்டது.