கேட்டது ஒன்று, பதில் வந்தது வேறொன்றுக்கு: சர்வே கேள்வி எழுதுவது எப்படி

எளிமையாகக் கேளுங்கள், ஒரு கேள்வியில் ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள் என்ற பாடமெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, தமிழில் கேட்டுப் பதில் வாங்கும் சர்வேக்காக இதை எழுதுகிறேன். கூகுள் ஃபார்ம் அனுப்புகிறவர்களுக்கும் இதில் பாதியாவது உதவும்.

எனக்குச் சூடு பட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு சர்வேயில் "போன மாதம் உங்களுக்கு ரேஷன் அரிசி முழுதாகக் கிடைக்கவில்லையா?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஆங்கிலத்தில் எழுதி, அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தது. பதிலுக்கு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒரு அம்மா "ஆமாங்க, கிடைக்கல" என்றார், கேள்வி கேட்கப் போன பையன் 'ஆம்' போட்டான். அடுத்த வீட்டில் "இல்லங்க, கிடைக்கல" என்றார்கள், 'இல்லை' போட்டான். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் அத்தனையையும் கடைசியில் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. தமிழில் எதிர்மறைக் கேள்விக்கு ஆமாம் என்றும் ஒப்புக்கொள்ளலாம், இல்லை என்றும் ஒப்புக்கொள்ளலாம் என்பதால், '-வில்லையா' என்று முடியும் கேள்வி எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுங்கள். "எத்தனை கிலோ கிடைச்சுது?" என்று கேட்டால் வேலை முடிந்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்திருக்கின்றன. 1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், யூதர்களை நாஜிகள் கொன்றொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்று இரட்டை எதிர்மறையில் கேட்டது. 22 சதவீதம் பேர் சாத்தியம் என்றார்கள், நாடே அதிர்ந்தது. 1994-இல் அதே நிறுவனம் கேள்வியை நேராக்கிக் கேட்டபோது அந்த எண் சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கியது. மக்கள் மாறவில்லை, வாக்கியம்தான் மாறியது.

அடுத்து, நம் ஊருக்கே உரிய தலைவலி ஒன்று. தாளில் 'தங்கள் குடும்பத்தின் மாதாந்திர வருவாய் யாது' என்று இருக்கும். எந்தப் பையனும் பெண்ணும் அதை அப்படியே வாசிக்கப்போவதில்லை. ஒருவர் "மாசம் எவ்ளோ வருது?" என்பார், இன்னொருவர் "சம்பளம் எவ்ளோங்க?" என்பார். சம்பளம் என்றதும் ஆடு விற்ற காசும், மகன் திருப்பூரிலிருந்து அனுப்பும் பணமும் விட்டுப்போகும். பத்துப் பேர் ஃபீல்டுக்குப் போனால் பத்து விதமான கேள்விகள் கேட்கப்பட்டிருக்கும், உங்கள் கையில் மட்டும் ஒரே கேள்வித்தாள் இருக்கும். அதனால் வாயால் கேட்கப்போவதை வாய்மொழியிலேயே எழுதுங்கள். "ங்க" சேர்த்து, மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிற நீளத்தில். வட்டாரச் சொல் மாறினால் அதற்கும் முன்கூட்டியே ஒரு சொல்லை முடிவு செய்து அச்சிடுங்கள். 'குடும்பம்' என்பதைக்கூட விளக்க வேண்டும்: ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரியும். மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வைத்திருக்கும் வரையறையே சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் என்பதுதான். "ஒரே உலையில சாப்பிடுறவங்க எத்தனை பேர்?" என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும். ("வீட்டுல எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வீட்டுல" என்றால் மனைவி என்று எடுத்துக்கொள்ளும் ஊர்கள் இருக்கின்றன, சிரிப்புதான் மிஞ்சும்.)

அப்புறம் ஞாபகம். எவ்வளவு நாள் கணக்கைக் கேட்கிறீர்கள் என்பதே பதிலை மாற்றிவிடும். 1999-2000-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55-ஆவது சுற்றில், உணவுச் செலவை 7 நாள் கணக்கு, 30 நாள் கணக்கு என்று ஒரே படிவத்தில் பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். ஒன்றைச் சொன்னபின் மற்றதை அதற்கு ஒத்துப்போகும்படி சொல்லத்தானே தோன்றும், அந்த எண்களை வைத்துப் போட்ட வறுமைக் கணக்கை முந்தைய சுற்றுகளோடு ஒப்பிடலாமா என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். 2022-23 செலவுக் கணக்கெடுப்பில் காய்கறி, மீன், முட்டை மாதிரியானவற்றுக்கு 7 நாள், அரிசி பருப்புக்கு 30 நாள், துணிமணி, படிப்புச் செலவுக்கு 365 நாள் என்று பொருளுக்கேற்பப் பிரித்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: அடிக்கடி நடப்பதற்குச் சின்ன காலம், அபூர்வமாக நடப்பதற்கு நீண்ட காலம்.

நீண்ட காலம் கேட்கும்போது இன்னொரு வம்பு உண்டு. "கடந்த ஒரு வருஷத்தில ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்களா?" என்றால் ஒன்றரை வருடத்துக்கு முன் சேர்ந்ததும் உள்ளே வந்துவிடும், பெரிய சம்பவங்கள் மனதில் கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும் என்பதால். தேதியைக் கேட்காதீர்கள், ஆணி அடியுங்கள். போன பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா, ஆடி மாசத்திலயா, மாரியம்மன் திருவிழா சமயமா என்று. பழைய கதை என்றால் டெல்டாவில் கஜா புயல், சென்னையில் 2015 வெள்ளம், கடற்கரையில் சுனாமி. ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு சம்பவ நாட்காட்டியை முதல் நாளே ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால், அது கேள்வித்தாளைவிட அதிகம் உழைக்கும்.

விடைப் பட்டியலும் சும்மா இருக்காது, அதுவும் பேசும். 1985-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று இரண்டு குழுக்களிடம் கேட்டார்கள். அரை மணியில் தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்று முடியும் பட்டியல் பெற்றவர்களில் சுமார் 16 சதவீதம்தான் இரண்டரை மணிக்கு மேல் என்றார்கள். பட்டியலே 'இரண்டரை மணி வரை' என்று தொடங்கியபோது அது 37 சதவீதத்தைத் தாண்டியது. நடுவில் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று ஆட்கள் ஊகித்துக்கொள்கிறார்கள். எண் வேண்டுமென்றால் பட்டியல் கொடுக்காமல் எண்ணாகவே கேளுங்கள்.

'மோசம்' முதல் 'நன்று' வரை என்று தமிழில் விடை அளவுகோல் வைக்கிறவர்கள் அதன் நடுவில் 'பரவாயில்லை' என்று போடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சொல்லுக்கு நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம், ஏதோ இருக்கிறது என்றும் அர்த்தம், எல்லாம் சொல்கிற தொனியில்தான். 'ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை' வரிசையும் நம்மிடம் அவ்வளவாக எடுபடாது, வந்தவர் மனம் கோணக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் "ஆமாங்க சார்" வரும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, பத்துப் புளியங்கொட்டை. "இந்த வருஷம் மழை நல்லா பெய்யும்ன்னு எவ்ளோ நம்புறீங்க, அந்த அளவுக்குக் கொட்டையை இந்தத் தட்டுல போடுங்க." எழுதப்படிக்கத் தெரியாதவரும் யோசித்துப் போடுவார், மூன்றா நான்கா என்று கை தயங்குவதைப் பார்க்கலாம். நிகழ்தகவைக் கேட்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்விகளின் வரிசையைப் பற்றி ஒன்றே ஒன்று. "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டு, ஆம் என்றால் உடனே பதினைந்து கேள்வி என்று அடுக்கினால், மூன்றாவது தலைப்புக்குள் எதிரே இருப்பவருக்கு விவரம் புரிந்துவிடும், 'இல்லை' என்றால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று. கேட்கிறவருக்கும் அது முதல் நாளே புரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஆம்/இல்லை கேள்விகளை முதலில் மொத்தமாக முடித்துவிட்டு, பிறகு விவரத்துக்குப் போங்கள்.

சொல்லக் கூச்சப்படும் விஷயத்துக்கு நாணயம் சுண்டலாம். ஸ்டான்லி வார்னர் 1965-இல் சொன்ன யோசனையிலிருந்து வளர்ந்த முறை இது. பதில் சொல்பவர் மறைவாகச் சுண்டுவார். தலை விழுந்தால் எதுவானாலும் 'ஆம்' என்பார், பூ விழுந்தால் உண்மையைச் சொல்வார். 200 பேரில் 130 'ஆம்' வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 100 பேர் நாணயத்துக்காகச் சொன்னது. மிச்சம் 100 பேரில் 30, அதாவது 30 சதவீதம். யார் அந்த முப்பது பேர் என்று உங்களுக்கே தெரியாது, அதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் சாம்பிள் பெரிதாக வேண்டும், விளையாட்டு புரிய வேண்டும். லஞ்சம் கொடுத்ததைக் கேட்க இது தேவையே இல்லை, தானாகவே கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கேள்வி உடைந்திருக்கலாம். எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழி, பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு, "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க", "மூணு தடவைன்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்பது. பூ கட்டிக்கொண்டே "நான் சும்மாதாங்க இருக்கேன்" என்று சொன்ன ஒரு அக்காவிடம்தான் 'வேலை' என்ற சொல்லே தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பதில் "நேத்து காலையில எழுந்ததிலேருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று நேரவாரியாகக் கேட்டோம். 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் ஒரு நாளை அரை மணித் துண்டுகளாக வெட்டித்தான் கேட்டது. மாற்றிய கேள்வியைப் பழைய ஆட்களிடமே சோதிக்காதீர்கள், புதிதாக ஐந்து பேரைப் பிடியுங்கள். படிவத்தின் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டுவையுங்கள், இல்லையென்றால் ஃபீல்டில் பாதிப் பேர் பழைய தாளோடுதான் திரிவார்கள்.