கம்பளியை விட்டு வெளியே வர ஒரு வழி

நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். இந்தக் குளிரில் விடியக்காலை உடற்பயிற்சி என்று சபதம் எடுத்தால் மூன்றாம் நாளே கம்பளி ஜெயித்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம் நேரத்தை மாற்றினேன். மாலையில் வேலை முடிந்து வரும்போது ஒரு தரிப்பிடம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி, மீதி ஏற்றத்தை நடந்தே ஏறுகிறேன். வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டுமே, பாதியில் விட முடியாது!

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஐந்து நாள், அரை மணி நேரம், சரி. ஏறும்போது பேச முடிந்தால் வேகம் அளவானது. பாடவும் முடிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

பயிற்சியாளருக்குக் கொடுக்கக் காசு இருந்தால், முதல் மாதம் மட்டும் வைத்துச் சரியான முறையைப் பழகிக்கொள்ளலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நிற்கும்போது "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது.