லயத்துக்காரர்களுக்கு: மழை வலுத்தால் எப்போது கிளம்புவது, எதை எடுப்பது

மூணாறு பக்கம் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன், கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். போனை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனபோது அங்கே கரண்டும் இல்லை, டவரும் இல்லை, வெளியே தகவல் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். ஆகவே கிளம்புவது என்றால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

எப்போது கிளம்புவது? மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும் அலர்ட் மாவட்டத்துக்கே பொதுவானது. தொடுபுழாவில் வெயில் அடிக்கும், அதே இடுக்கி மாவட்டத்து ராஜமலையில் கொட்டும். அதனால் எஸ்டேட்டில் உங்கள் டிவிஷனுக்கு (பிரிவுக்கு) எவ்வளவு மழை என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள டப்பா ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் கல் அணைத்து வையுங்கள் (வாளி வேண்டாம், அது மேலே அகன்று கீழே குறுகியிருக்கும், கணக்குத் தப்பிவிடும்). தினமும் காலை எட்டரைக்குப் பிள்ளைகளின் ஸ்கேலை விட்டு ஆழத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள், வானிலை ஆபீஸ் கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான். ஆறரை செ.மீ. என்றால் கனமழை, பதினொன்றரையைத் தாண்டினால் மிக கனமழை, இருபதரைக்கு வந்தால் அதி கனமழை. இரண்டு நாள் தொடர்ந்து தினமும் பதினொன்றரையைத் தாண்டினால் நான் சிவப்பு அலர்ட்டுக்குக் காத்திருக்க மாட்டேன். இது என் கணக்கு, சர்க்கார் கணக்கு இல்லை.

டப்பா என்ன சொன்னாலும் சரி, சில அடையாளங்களைப் பார்த்தால் அந்த நிமிடமே இடத்தைக் காலி பண்ண வேண்டும். மேட்டில் புதிதாக வெடிப்பு, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகிக்கொள்வது, கரண்டுக் கம்பம் சாய்வது, சுவரோரம் புது ஊற்று. எல்லாவற்றையும்விட ஓடையைக் கவனியுங்கள். திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் மழை கொட்டும்போது தண்ணீர் சட்டென்று குறைந்தால் "அப்பாடா, வடிந்துவிட்டது" என்று நினைத்துவிடுகிறோம். மேலே மண்ணும் மரமும் விழுந்து அடைத்திருக்கலாம், அது உடைத்துக்கொண்டு வந்தால் நேரே நம் தலையில்தான்.

ஓடும்போது ஓடையின் போக்கிலேயே கீழே இறங்காதீர்கள், பக்கவாட்டில் விலகி மேட்டுக்கு ஏறுங்கள். ராத்திரியில் வண்டி பிடித்துப் போடிக்கு இறங்கிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம், கேப் ரோட்டில் மண் விழாத மழைக்காலம் அபூர்வம். எந்த ஸ்கூல், எந்தக் கேம்ப் என்று மழைக்கு முன்பே கேட்டு, போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

அவசரத்துக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. மூன்றும் கேரளம், தமிழ்நாடு இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். ஆனால் எல்லையில் போன் அடுத்த மாநில டவரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், எஸ்டேட், டிவிஷன், லயம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வாருங்கள். மைக்கில் "மாறித் தாமசிக்கணம்" என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டு ஜீப் வந்தால் வீட்டை விட்டு வேறு இடத்தில் போய்த் தங்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம், ஊரிலிருந்து புதிதாக வந்த சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

பை சின்னதாக இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிஎஃப் காகிதங்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கு, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர்பேங்க், குழந்தை இருந்தால் பால்பவுடர், ஆளுக்கொரு கம்பளி. முக்கியமான நம்பர்களைப் பேப்பரில் எழுதி வையுங்கள், போடியிலோ தேனியிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரர் நம்பரும் அதில் இருக்கட்டும். ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டால் எல்லோரும் அவருக்கே தகவல் சொல்லலாம்.

கிளம்பும்போது காஸை மூடி மெயினை அணையுங்கள். மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்துவிடுங்கள், கோழிக்கூட்டைத் திறந்துவிடுங்கள், அவை தப்பிப் போக வழி இருக்கும். கட்டிப்போட்டுவிட்டு வந்தால் நடுராத்திரியில் மனசு கேட்காமல் யாராவது திரும்பிப் போவார்கள், ஒருமுறை சரிந்த இடத்தில் மறுபடியும் சரியலாம்.